பதிமூன்றாவது ஆணி

– கூடையைத் தொடாதே அண்ணே! பேரை எழுதி முடி, அப்புறம்தான் கேக்கு.

– தொடலை டார்கஸ், மோந்துதான் பாத்தேன். இஞ்சி வாசனையே காணோம். மீனெண்ணெய் வாசனைதான் வருது.

– மீட்புப் படகு நிக்கிற கொட்டகையில மீனெண்ணெய் வாசனை வராம ரோஜாப்பூ வாசனையா வரும்?

– கனமாவும் தெரியுது. உன் இஞ்சி கேக்கு என்னைக்குத்தான் லேசா இருந்துச்சு! நம்ம நங்கூரம் அறுந்து போச்சுன்னா உன் வீட்டுக்குத்தான் ஆள் அனுப்பணும்.

– ஈனாக் அண்ணே, பேச்சை மாத்தாதே. சுவத்துல பதிமூணு ஆணி. ஆணிக்கு ஒரு தக்கைச் சட்டை, தண்ணியில மிதக்க. பன்னெண்டு ஆணிக்கு மேல பேரு எழுதிட்டே. பதிமூணாவதுக்கு என்ன எழுதப் போறே?

– பெயின்ட்டு கொஞ்சம் கெட்டியாயிருச்சு. அதைக் கலக்கிட்டு...

– காலையிலேர்ந்து கலக்கறே. அது பெயின்ட்டா, வெண்ணெயா?

– உனக்கென்ன, ஸ்டூலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறே. எழுதறவனுக்குத்தானே கஷ்டம் தெரியும். லண்டன்லேர்ந்து இன்ஸ்பெக்டர் திங்கக்கெழமை வரார். “ஓடி வந்து சட்டையைப் பிடுங்கிக்கிறதெல்லாம் இனிமே கூடாது, படகுல யாரு யாரு போறதுன்னு பேரை எழுதி வை”ன்னு போன தடவையே சொல்லிட்டார். அவருக்கு என்ன, சொல்லிட்டு ரயில் ஏறிட்டார்.

– நீதானே இந்தப் படகுக்குத் தண்டல்? சுக்கான் உன் கையில, ஆளுங்க உன் சொல்லுல. நீ எழுதாம வேற யாரு எழுதுவாங்க?

– சுக்கான் பிடிக்கிறது வேற, இது வேற. நம்ம தாத்தா காலத்துலேர்ந்து இந்த ஸ்கார்விக் ஊர்ல யாரும் யாரையும் படகுல அனுப்பினதில்ல டார்கஸ். கப்பலுக்கு ஆபத்துன்னு குன்று மேல வாணம் வெடிச்சா ஓடி வருவாங்க. முதல்ல வந்த பதிமூணு பேரு சட்டையை மாட்டுவாங்க. அவ்வளவுதான். ஏன் அப்படி வெச்சாங்க தெரியுமா?

– தெரியும்.

– தெரிஞ்சாலும் சொல்றேன் கேளு. போனவங்கள்ல ஒருத்தன் திரும்பி வரலைன்னு வை. அவனைப் பெத்தவ வந்து, “என் பிள்ளையை நீதானே அனுப்பினே”ன்னு எந்தத் தண்டலையும் கேக்கக் கூடாது. அதுக்குத்தான். இப்ப நான் எழுதினா, நான் அனுப்பினதா ஆயிரும்.

– மத்த பன்னெண்டு பேரை எழுதினியே?

– அவங்க எப்பவும் முன்னாடி வர்றவங்க, பிரச்னையில்ல. சண்டைக்குப் போனவங்க போக இந்த ஊர்ல துடுப்புப் பிடிக்கத் தெரிஞ்சவங்க பதினாலு பேருதான் மிச்சம். மீதி ஒரு சட்டை, ரெண்டு ஆளு. ஒருத்தன் சேத். இன்னொருத்தரு உன் வீட்டுக்காரரு.

– என் வீட்டுக்காரருக்கு வயசு அறுபத்து மூணு. அவரு முழங்காலு...

– துருப்பிடிச்ச கதவு மாதிரி சத்தம் போடும், தெரியும். ஜெபத்துக்கு கேலப் மச்சான் முழங்கால் போட்டாருன்னா, போதகர் ஆமென் சொன்னப்புறமும் அந்தச் சத்தம் நிக்காது.

– சிரிக்காதே. அந்த முழங்காலை வெச்சுக்கிட்டு நாலு வருஷமா பதிமூணாவது சட்டையை அவருதான் மாட்டறாரு. இருபத்தாறு வயசுப் பையனை முந்திக்கிட்டு! வீட்டுக்கு வந்து ஒரு பீத்தல் வேற. “இந்த ஊர்லயே வேகமான கால் என்னோடதுதான் டார்கஸ்.” எனக்கு சிரிப்பை அடக்க முடியாது. கெட்டிலைப் பாத்துத் திரும்பிக்குவேன்.

– ஊருக்கே தெரியுமே. எல்லாம் சேத்தோட இடது பூட்ஸ் பண்ற வேலை.

– தங்கமான பையன்! வாணம் வெடிச்சா போதும், அவனுக்கு இடது பூட்ஸ் தொலைஞ்சிரும். வலதை மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னு, “காணோமே, காணோமே”ன்னு குதிப்பான். அதுக்குள்ள நம்ம ஆளு நொண்டி நொண்டி வந்து சட்டையைப் பிடிச்சுருவாரு.

– யோசிச்சுத்தான் பண்றான். கடலுக்குன்னு ஒரு பூட்ஸை மாட்டிட்டா, உப்புத் தண்ணி படாம அதைக் கழட்டக் கூடாது. கழட்டினா அபசகுனம். அதனால வேற ஜோடி மாத்த முடியாது. ஒத்தக் காலு வெறுங்காலா வந்தா நான் படகுல ஏத்த மாட்டேன், அது தாத்தா போட்ட சட்டம். பையன் எவ்வளவு விவரம் பாரு!

– ஒரு வயசான மனுஷன் மனசு நோகக் கூடாதுன்னு இந்தக் காலத்துல எந்தப் பிள்ளை இப்படி நடிக்கும்? அதான் நான் கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் அவனுக்கு ஒரு ஜோடி சாக்ஸ் பின்னிக் குடுத்துடறேன்.

– கூச்சம் வேற அவனுக்கு. ஒரு தடவை தோளைத் தட்டி, “உன் பூட்ஸ் தொலைஞ்சது நல்லதுக்குத்தான்டா”ன்னு கண்ணடிச்சேன். முகம் செவந்து, தலையைக் குனிஞ்சுக்கிட்டு, படகைக் கடல்ல இழுத்து விடற பொம்பளைங்களோட போய் கயித்தைப் பிடிச்சுக்கிட்டான்.

– சரி, இப்ப நான் கேக்கறதைக் கேளு. அந்த ஆணிக்கு மேல அவரு பேரை எழுதாதே அண்ணே.

– எழுதலைன்னா அவரு மனசு ஒடிஞ்சு போயிரும்.

– ஒடியட்டும். முழங்காலே ஒடிஞ்சு போச்சு. “லண்டன் ஆபீஸ்ல வயசு பாத்துத் தள்ளிட்டாங்க”ன்னு சொல்லிரு.

– அது பொய்யாச்சே. நாளைக்குத் திருவிருந்து. பொய்யைச் சொன்ன வாயோட எப்படிப் போய் நிப்பேன்?

– அப்போ நாளான்னைக்குச் சொல்லு.

– அட ஆண்டவரே! பொய்க்கு நாள் பாக்கறியா நீ? எங்கே, அந்தக் கேக்குல ஒரு துண்டு வெட்டேன். வயிறு நிறைஞ்சா ஏதாவது வழி தோணும்.

– தோணினப்புறம் வெட்டறேன். எங்கே பாக்கறே? மேல என்ன இருக்கு?

– பலகையைப் பாக்கறேன். நம்ம படகு காப்பாத்தின கப்பல் பேரெல்லாம் எத்தனை அழகா எழுதியிருக்காங்க. எல்லாம் கரையேறினவங்க பேரு. அதை எழுதறது சந்தோஷம். அந்தா, தாத்தா எழுதின வரி. “ஒன்பது பேரும்...” அப்புறம் ஒரு படம்.

– சகதியில புரளுமே, அந்த வால்சுருட்டி படம்.

– ஆமா. கப்பல்ல அது ஒண்ணு இருந்திருக்கு, அதையும் சேத்துக் காப்பாத்திட்டாங்க. பலகையில எழுதணுமே! கடலுக்குப் போறவன் அது பேரைச் சொல்லவும் கூடாது, எழுதவும் கூடாது. தாத்தா ஒரு நாள் பூரா யோசிச்சுட்டுப் படமா வரைஞ்சுட்டாரு. இன்ஸ்பெக்டர் அதைப் பாத்துட்டு, “இது என்ன, டீ கெட்டிலா?”ன்னு கேட்டாரே!

– நீ என்ன சொன்னே?

– அபசகுனம் ஒட்டாம இருக்க இரும்பைத் தொட்டுக்கிட்டு, “ஆமா சார், கெட்டில்தான்”னேன்.

– அது பொய்யில்லையா?

– ... அன்னைக்குத் திருவிருந்து இல்ல.

– நல்லா இருக்கு உன் பக்தி!

– போதகர் சட்டையை மாட்டின கதை இதைவிட வேடிக்கை. ஞாயித்துக்கெழமை பிரசங்கம் பாதியில வாணம் வெடிச்சுது. எல்லாரும் பெஞ்சைத் தாண்டிக் குதிச்சு ஓடறோம். வந்து எண்ணிப் பாத்தா, நாலாவது சட்டை போதகர் உடம்புல! படகுல போதகர் இருந்தா கடல் சும்மா விடுமா? ஆளுங்க ஏற மாட்டேன்னுட்டாங்க. அப்புறம் நம்ம துடுப்புக்கார ரூபன்தான், “ஐயா, கழுத்துல இருக்கிற வெள்ளைப் பட்டையைக் கழட்டிக் குடுங்க, கரைக்கு வர்ற வரைக்கும் நீங்க போதகர் இல்ல”ன்னான். சொக்கத் தங்கம் அந்த மனுஷன், கழட்டிக் குடுத்துட்டு நல்லா துடுப்புப் போட்டாரு. ஏழு பேரைக் கொண்டாந்தோம். பட்டையை மறுபடி மாட்டிக்கிட்டு மிச்சப் பிரசங்கத்தையும் முடிச்சுட்டுத்தான் விட்டாரு.

– அண்ணே.

– சொல்லு.

– கதையெல்லாம் எனக்கும் தெரியும். நீ எதுக்குக் கதை சொல்றேன்னும் தெரியும். போன மாசம் அந்த நார்வேக் கப்பலுக்குப் போயிட்டு வந்தீங்களே. அவரு கழுத்துல அஞ்சு விரல் தடம் பதிஞ்சிருந்துச்சு. என்னன்னு கேட்டா, மப்ளர் இறுக்கிருச்சுன்னாரு. மப்ளருக்கு விரல் இருக்குமா?

– ... அவரு சொல்ல வேண்டாம்னாரு.

– நீ சொல்லு.

– படகு கப்பலோட மோதற நேரம். எழுந்து கயித்தைப் பிடிக்கணும், அவரு முறை. முழங்கால் மடங்கினது மடங்கினபடி நின்னுருச்சு. பின்பக்கமா சாஞ்சு, கடல்ல விழப் போயிட்டாரு. நாங்க யாரும் எட்டலை. மேலேர்ந்து ஒரு நார்வேக்காரன், நாம காப்பாத்தப் போனவன், ஒத்தக் கையால கழுத்தைப் பிடிச்சுத் தூக்கினான் பாரு... ஒன்பது பேரைக் காப்பாத்தப் போனோம். அவங்க நம்மள்ல ஒருத்தரைக் காப்பாத்தினாங்க.

– கர்த்தர் அந்தப் பிள்ளை கையை ஆசீர்வதிக்கட்டும்.

– தினமும் ஜெபத்துல சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். பேரு தெரியாது. “அந்தப் பெரிய கைக்காரன்”னு சொல்றேன்.

– இதைத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டா காலையிலேர்ந்து பெயின்ட்டைக் கலக்கறே?

– கேலப் பேரை எழுதினா உன்னைப் பாத்துப் பயம். சேத் பேரை எழுதினா அவன் அம்மாவைப் பாத்துப் பயம். தாமாருக்குப் புருஷன் ஜைல்ஸும் போயி, மூத்தவன் ஆரனும் போயி, மிச்சம் இருக்கிறது அவன் ஒருத்தன். நாலு வருஷம் முன்னாடி நம்ம படகு கவுந்தப்போ நானும்தானே அதுல இருந்தேன்? நான் கரைக்கு வந்தேன், அவங்க வரலை. இப்ப நானே...

– மெதுவா பேசு! சரளைக்கல்லு மேல யாரோ நடந்து வர்றாங்க. அண்ணே... தாமாருதான்.

– இங்கேயா? படகு கவுந்ததுலேர்ந்து கொட்டகைப் பக்கம் திரும்பியே பாக்காதவங்களாச்சே!

– பிள்ளைக்கு எடம் கேட்டு வர்றாளோ என்னவோ. சிரிச்ச மூஞ்சியா இரு. இறங்கு, இறங்கு.

– தண்டல், உள்ளே வரலாமா?

– வாங்க தாமார், வாங்க! இது உங்க கொட்டகைதானே? டார்கஸ், அந்தப் பெட்டியைத் துடைச்சுப் போடு, உக்காரட்டும்.

– நான் நிக்கறேன் பாருங்க, பரவாயில்ல. காத்து வடகிழக்குக்குத் திரும்பிருச்சு. கொஞ்சம் முட்டை கொண்டாந்தேன்.

– முட்டையா! பாத்தியா டார்கஸ், கூடையைத் திறந்து காட்டறதுக்கும் சில பேருக்கு மனசு இருக்கு.

– சும்மா இரு அண்ணே. தாமார், நல்லவேளை நீயே வந்தே. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டிருக்கேன். உன் பிள்ளை மாதிரி ஒரு பிள்ளை இந்தக் கரையில இல்ல.

– என்ன பண்ணினான்?

– எங்க வீட்டுக்காரர் மனசு நோகக் கூடாதுன்னு, பூட்ஸ் தொலைஞ்ச மாதிரி நாலு வருஷமா நடிக்கிறானே! அது சின்ன விஷயமா?

– நடிக்கிறானா?

– பின்னே? அதுக்குத்தானே நான் வருஷா வருஷம் சாக்ஸ் பின்னறேன்.

– அந்தச் சாக்ஸ் அதுக்கா டார்கஸ்! அவன் கேட்டுக்கிட்டே இருக்கான் பாருங்க. “ஒத்தப் பூட்ஸ்காரனுக்கு எதுக்கும்மா ஜோடி சாக்ஸ்? ஊரே சேந்து கேலி பண்ணுதா?”ன்னு. ஒண்ணையும் மாட்டலை. எல்லாம் பெட்டியில கிடக்கு.

– கேலியா! நானா! சாம்பல் கலர் நூலுக்கு விட்பி டவுன் வரைக்கும் நடந்து போனேன்!

– தண்டல், முட்டையை ஓரமா ஒதுக்கிட்டு அடியில கையை விடுங்க.

– ஏதோ வழவழன்னு இருக்கு... அட ஆண்டவரே. பூட்ஸு!

– இடதுகால் பூட்ஸு. அவனோடதுதான்.

– என்ன இது, உள்ளே மாவா ஒட்டியிருக்கு?

– மாவுப் பெட்டியிலதான் வைப்பேன். அவன் நடிக்கலை பாருங்க. நிஜமாத்தான் தேடறான். வாணம் வெடிச்சதும், அவன் மாடியிலேர்ந்து இறங்கறதுக்குள்ள பூட்ஸ் என் ஏப்ரனுக்கு அடியில போயிரும். படகு போனப்புறம் பழைய எடத்துல வெச்சுருவேன். கேட்டா பூனை மேல பழி போடுவேன்.

– அதான் அவன் இடது காலு எப்பவும் வெள்ளையா இருக்குமா! ரொட்டிக் கடைக்காரன் மாதிரி நடந்து போறானேன்னு நினைச்சிருக்கேன்.

– சிரிக்காதே அண்ணே! தாமார், எங்க வீட்டுக்காரருக்கு இது தெரிஞ்சா வெக்கத்துல செத்தே போயிருவாரு. நிஜமாவே முந்தி ஓடறதா நினைச்சுக்கிட்டிருக்காரு அந்த மனுஷன்.

– அவருக்குத் தெரியும் டார்கஸ்.

– என்னது?

– முதல் தடவை அன்னைக்கே தெரியும். வாணம் வெடிச்சதும் நான் என்ன பண்றேன்னு எனக்கே தெரியலை. கையில பூட்ஸோட கோழிக்கூட்டு முன்னாடி நிக்கறேன். கேலப் அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கமா ஓடி வந்தாரு. நின்னாரு. என்னைப் பாத்தாரு, பூட்ஸைப் பாத்தாரு. தொப்பியைத் தொட்டுக் கும்பிட்டுட்டு ஓடிட்டாரு. மறுநாள் மீன் குடுக்கற சாக்குல வந்து, “தாமார், கோழிக்கூட்டுல வைக்காதே, கோழி கத்தி ஊரைக் கூட்டிரும். மாவுப் பெட்டியில வை”ன்னாரு.

– கேலப் மச்சானா சொன்னாரு?

– இன்னொண்ணும் சொன்னாரு தண்டல். “என் முழங்கால் மடங்கற வரைக்கும் அந்தப் பதிமூணாவது சட்டை என்னோடது. நீ நிம்மதியாத் தூங்கு”ன்னாரு. வேற யார்கிட்டயும் மூச்சு விடலை.

– என்கிட்டயும் விடலையே! வீம்பு பிடிச்ச கிழவர், பீத்தக் கிழவர்னு தினம் தினம் திட்டினேனே. “வேகமான கால் என்னோடது”ன்னு சொல்லிட்டு, நான் சிரிக்கிறதையும் பாத்துக்கிட்டு, டீயைக் குடிச்சுட்டுப் படுத்துருவாரே...

– டார்கஸ், என்னை மன்னிச்சுரு.

– மன்னிக்கிறதா? கழுத்துல விரல் தடத்தோட வந்தாரு தாமார்! இன்னும் கொஞ்சம் போயிருந்தா நான் கறுப்புத் துணி வாங்கியிருக்கணும். உன் பிள்ளைக்குப் பதிலா என் புருஷனை அனுப்பியிருக்கே நீ!

– ஆமா. அனுப்பினேன்.

– நீ ஒரு... நீ...

– என்ன டார்கஸ், பாதியில நிறுத்திட்டே? உனக்கு வார்த்தை கிடைக்காம நான் பாத்ததே இல்லையே.

– ஒண்ணுமில்ல. அவளைத் திட்டறதுக்கு எனக்கு யோக்கியதை இல்ல.

– ஏன் இல்ல?

– கேக்காதே. கூடையைப் பாக்காதே, ஸ்டூல்ல ஏறு.

– நான் பேசிடறேன் பாருங்க, அப்புறம் தைரியம் போயிரும். நார்வேக் கப்பல் விஷயம் எனக்கும் காதுல விழுந்துச்சு. அன்னைக்கு சேத் கயித்துல நின்னுட்டு வீட்டுக்கு வந்தான். தாடியெல்லாம் உப்பு. “அம்மா, அந்த எடத்துல நான் இருந்திருக்கணும். எல்லாரும் என்னைப் பாத்துக் கண்ணடிக்கிறாங்க. பயந்தவன்னு நினைக்கிறாங்கம்மா”ன்னு அழுதான்.

– நான் கண்ணடிச்சது அதுக்கில்லையே தாமார்! கர்த்தர் மேல...

– தெரியும் தண்டல். உங்க மேல தப்பில்ல. கடல்லேர்ந்து காப்பாத்தறதா நினைச்சேன், அவன் மனசு உள்ளுக்குள்ளயே முழுகிக்கிட்டிருந்துச்சு. ரெண்டு பேரைக் குடுத்தேன், மூணாவது தர மாட்டேன்னு கர்த்தர்கிட்ட சண்டை போட்டுக்கிட்டே இருந்தேன். என் எடத்துல இன்னொருத்தி அழறதுக்கு நான் எப்படி ஜெபம் பண்றது? அவன் பேரை எழுதுங்க.

– எழுதாதே அண்ணே!

– நீதானே டார்கஸ் கேலப் பேரு வேண்டாம்னே?

– இப்ப சொல்றேன், சேத் பேரும் வேண்டாம். அவளுக்கு இருக்கிறது ஒரே ஒரு பிள்ளை.

– உனக்கு இருக்கிறதும் ஒரே ஒரு புருஷன்தானே டார்கஸ்.

– புருஷன் எல்லாருக்கும் ஒண்ணுதான்! அதெல்லாம் கணக்குல சேராது.

– சேத் பேரை எழுதுங்க தண்டல்.

– கேலப் பேரை எழுது. இல்ல, எழுதாதே. சும்மா விடு! ஆணியை வெறுமனே விட்டுரு. முதல்ல வர்றவன் மாட்டட்டும், தாத்தா வெச்ச மாதிரி.

– இன்ஸ்பெக்டர் கேட்டா?

– பெயின்ட்டு தீந்து போச்சுன்னு சொல்லு.

– டப்பாவுல பாதி இருக்கே! பொய் சொல்ல மாட்டேன்னு சொன்னேன்ல...

– அண்ணே! அது என்ன சத்தம்?

– வாணம்.

– ஒண்ணுதான். ஒண்ணுன்னா சும்மா எச்சரிக்கைதான்...

– ரெண்டாவதும் வெடிச்சிருச்சு. கர்த்தாவே! டார்கஸ், பெரிய கதவைத் திற! ஐயோ, பெயின்ட்டு!

– கொட்டிருச்சா?

– எல்லாம் கொட்டிருச்சு.

– நல்லதாப் போச்சு. இப்ப பொய்யில்ல. என்ன பாக்கறே, சட்டையை மாட்டு!

– ரூபன், வா வா, காலைப் பாத்து வை, பெயின்ட்டு! தெற்குப் பாறையில கப்பல் தட்டிருக்காம், அந்தா பாய்மரம் தெரியுது. ஜாபெஸ், படகு முன்பக்கம் போ, அணியத்துக் கயித்தைச் சரிபாரு. பொம்பளைங்க எங்கே?

– இறங்கி வந்துக்கிட்டே இருக்காங்க. பாவாடையை இடுப்புல சொருகிட்டாங்க. கயித்தை எடுத்துப் போட்டாச்சு.

– தண்டல், என் பிள்ளை வரான். அந்தா, ஒத்தப் பூட்ஸோட ஓடி வரான்.

– அழாதீங்க தாமார். இந்தாங்க பூட்ஸ், மாவைத் தட்டிட்டேன். நீங்களே குடுங்க.

– சேத்! இங்க வாடா. மாவுப் பெட்டியிலதான்டா இருந்துச்சு. நான்தான். அப்புறம் சொல்றேன். காலை நீட்டு. நல்லா இழுத்து மாட்டு. உள்ளே டார்கஸ் அத்தை சாக்ஸ் இருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும். போ. போயி உக்காரு. திரும்பிப் பாக்காதே, அது ஆகாது. போ.

– டார்கஸ், பன்னெண்டு சட்டை போயிருச்சு. பதிமூணாவது தொங்குது. இவன் பூட்ஸோட நிக்கறான். கேலப் மச்சான் இப்ப வந்துருவாரு, அவர் கையிலேர்ந்து நான் எப்படிப் பிடுங்குவேன்?

– நீ பிடுங்க வேண்டாம். முதல்ல வந்தவனுக்கு எடுத்துக் குடு.

– எடுத்துக்கோ சேத். மாட்டு, இறுக்கிக் கட்டு. எல்லாரும் தொப்பியைக் கழட்டுங்க. ஆண்டவரே, பதிமூணு பேரு போறோம். பதிமூணு பேரையும், அங்க காத்துக்கிட்டிருக்கிறவங்களையும் திரும்பக் கொண்டாந்து சேத்துரும். ஆமென். ஏறுங்க!

– ஆமென்.

– டார்கஸ், பாதையில கேலப் மச்சானைக் காணோமே. நாலு வருஷமா ஒரு தடவை கூடத் தவறாத மனுஷன்! எங்கேயாவது விழுந்து கிடக்கிறாரோ?

– விழலை. வாசப்படியில நிக்கறாரு. வலதை மாட்டியாச்சு.

– இங்கேர்ந்து உனக்கு எப்படித் தெரியும்? வாசப்படியில நின்னு என்ன பண்றாரு?

– தேடறாரு.

– எதைத் தேடறாரு?

– காலையிலேர்ந்து கேக்கு கேக்குன்னு உயிரை எடுத்தியே அண்ணே. படகுல ஏறறதுக்கு முன்னாடி அந்தத் துணியைத் தூக்கிப் பாத்துட்டுப் போ.

– அட ஆண்டவரே...! இது கேலப் மச்சானோட பூட்ஸு...

– இதுவும் இடதுதான் பாருங்க தண்டல். டார்கஸ், அப்போ நீயும்...

– நானும்தான் தாமார். காலையிலேயே எடுத்துட்டேன், உன் பிள்ளை போகட்டும்னு. வா, கயித்துல நீ பிடிக்கிற முடிச்சுல யாரையும் நிக்க விடலை, இத்தனை வருஷமும் காலியாத்தான் வெச்சிருக்கோம். வந்து பிடி.